சிப்புக்குள் முத்து!

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கம்ப்யூட்டர் ஸயன்ஸ் படிக்கிற பையன் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஏம்ப்பா, மூணையும் மூணையும் கூட்டச் சொன்னா கம்ப்யூட்டருக்குள்ளே என்னதான் நடக்குது?"

"ஆறு வரும் அங்கிள்" என்பான்.

ஆறு வரும் என்பது அரைக்கிளாஸ் பையனுக்கே தெரியும். எப்படி வருகிறது? எந்த நம்பர் முதலில் உள்ளே போகிறது, எங்கே போய் உட்காருகிறது, யார் கூட்டுகிறார்கள், விடை எந்த வழியாக வெளியே வருகிறது? இதையெல்லாம் சொல்லித் தருகிற பாடத்துக்குப் பெயர் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர். இன்ஜினீயரிங்கில் பெரும்பாலும் இரண்டாவது வருஷம் வரும். சில பேருக்கு அரியராகவும் வந்து கூடவே தங்கிவிடும்.

என் அக்கா மகனுக்குத் தங்கிவிட்டது. தூத்துக்குடி ஜில்லாவில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜ். (பெயர் வேண்டாம். அடுத்த வருஷம் அவன் தங்கச்சிக்கு ஸீட் கேட்டு நான்தான் போய் நிற்க வேண்டும்.) அத்தான் உப்பளத்தில் கணக்கெழுதுகிறவர். படிப்புக்கு பாங்க் லோன். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் வீட்டில் இரண்டு மாதமாகச் சிரிப்புச் சத்தமே கிடையாது.

விசேஷம் என்னவென்றால், ப்ராஸஸர் படத்தைப் பயல் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். பெட்டி, அம்புக்குறி, பெட்டிக்குள் பெட்டி, எல்லாம் ஸ்கேல் வைத்து அழகாக.

"இந்த அம்புக்குறி வழியா என்னல போகுது?" என்று கேட்டேன்.

"டேட்டா மாமா."

"எப்பப் போகும்?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா. நீட்டா படம் போட்டாலே பாதி மார்க்கு."

அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. மோட்டார் பைக் மெக்கானிக் ஆக வேண்டுமானால் இன்ஜினைக் கழற்றிப் போட்டுக் கையில் கரி படப் படிக்கலாம். சிப்பைக் கழற்றினால்? செத்தது சிப். நம் காலேஜ்களில் பல வருஷமாகப் பாலபாடமாக இருக்கிற 8085 மைக்ரோ ப்ராஸஸர் 1976-ல் வந்தது. அதிலேயே சுமார் 6,500 ட்ரான்ஸிஸ்டர்கள். ஆப்பிள் கம்பெனி 2020-ல் வெளியிட்ட எம்-1 சிப்பில் 1,600 கோடி. இந்தியாவின் ஜனத்தொகையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே ஒரு விரல் நகத்தில் குடியிருக்கிறது. அதில் யார் எப்போது எழுந்தார், யார் எப்போது உட்கார்ந்தார் என்று எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது?

எங்கள் ஊரில் முத்துக் குளித்த காலத்துச் சங்கதி ஞாபகம் வருகிறது. பெரிய அளவில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்று போயிற்று. அந்த நாளில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் பாருக்குள் இறங்குவார். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவர். கீழே மச்சான் சிப்பி பொறுக்குகிறானா, சுறாவைப் பார்த்து முழிக்கிறானா, மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கயிறு ஆடினால் இழுக்க வேண்டியது, கூடையில் வந்ததை எண்ண வேண்டியது. அவ்வளவுதான்.

காலேஜ் லேபில் இருக்கிற 8085 'கிட்'டும் இப்படித்தான். ஒரு பலகை, அதில் கால்குலேட்டர் மாதிரி பட்டன்கள், சிவப்பாக எரிகிற நம்பர்கள். மூணையும் மூணையும் கூட்ட 06, 03, 78, 80, 76 என்று வரிசையாக அமுக்க வேண்டும். 'பி' என்ற அறையில் 3-ஐ வை, அதை 'ஏ' அறைக்குக் காப்பி பண்ணு, இரண்டையும் கூட்டு, நில்! இதுதான் அர்த்தம். 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8085 இந்த வேலையை ஒரு நொடியில் ஒன்றரை லட்சம் தடவை முடித்துவிடும். உள்ளே நடந்ததில் நமக்குத் தெரிவது கடைசி ஆறு மட்டும்.

கடைசி 76-க்குப் பதிலாகக் கை தவறி 70 அமுக்கினால் கதை கந்தல். 'நில்' என்று சொல்ல ஆளில்லாமல், மெமரியில் கிடக்கும் குப்பையையெல்லாம் கட்டளை என்று நினைத்துக்கொண்டு ப்ராஸஸர் பாட்டுக்கு ஓடும். என்ன தப்பு, எங்கே தப்பு, கிட் வாயைத் திறக்காது. இதற்குள் கரண்ட் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து அமுக்க வேண்டும். ஒரு கிட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றால் பட்டனைத் தொடுகிறவன் ஒருவன், நோட்டில் எழுதுகிறவன் ஒருவன், மற்றவர்கள் மத்தியானம் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று பேசுகிறவர்கள். நம்மில் பலபேர் இந்த மூன்றாவது கோஷ்டியிலிருந்து தேறி வந்து ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே!

மருமகனுடைய காலேஜில் இளவயசு லெக்சரர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அரியர் பையன்களைச் சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லி ஸிமுலேட்டரில் பாடம் நடத்துகிறார். "மாமாவையும் கூட்டிட்டு வரலாமா ஸார்?" என்று பயல் கேட்க, "தாராளமா" என்றாராம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பழக்கமான இடம்.

ஸிமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஸாஃப்ட்வேர். நிஜ 8085 கிடையாது. ஆனால் 8085-இடம் என்ன சொன்னால் என்ன செய்யுமோ அதை அச்சு அசலாகச் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு கட்டளைக்கும் நின்று, உள்ளே எந்த அறையில் என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டு, "அடுத்து போகலாமா?" என்று உங்கள் கையை எதிர்பார்க்கும்.

முதலில் அவர் போட்டுக் காட்டியது ஜி.என்.யூ. ஸிம் 8085. இதை 2003-ல் எழுதியவர் நம்மவர், ஸ்ரீதர் ரத்னகுமார். லினக்ஸில் 8085-க்கு உருப்படியான ஸிமுலேட்டர் எதுவும் இல்லையே என்று பார்த்து, தானே எழுதிவிட்டார். 2008-ல் ஃபாஸ் இந்தியா விருது வாங்கிய ஸாஃப்ட்வேர்களில் இதுவும் ஒன்று. காசு கிடையாது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

அதே ஐந்து நம்பர் ப்ரோக்ராம். ஒரு தட்டு தட்டினால் 'பி' அறையில் 3. இன்னொரு தட்டு, 'ஏ'யிலும் 3. மூன்றாவது தட்டு, 'ஏ'யில் 6. அப்புறம் லெக்சரர் குறும்பாக 255-உடன் 1-ஐக் கூட்டச் சொன்னார். விடை பூஜ்யம்! பையன்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, பக்கத்துல பாருங்க" என்றார். 'கேரி' என்ற இடத்தில் 0 இருந்தது 1 ஆகியிருந்தது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000-க்கு வருகிற மாதிரி. எட்டு பிட்டில் அதற்கு மேல் இடமில்லை, மிச்சத்தை ஒரு கொடி தூக்கி அறிவிக்கிறது. அதற்குத்தான் 'ஃப்ளாக்' என்று பெயர்.

என் மருமகன் மெதுவாக என்னிடம், "மாமா, இந்த ஃப்ளாக் ரிஜிஸ்டருக்கு டெஃபனிஷன் எனக்கு மனப்பாடம். இதுதான் அதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

8085-ஐ அரதப் பழசு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1997-ல் செவ்வாய்க் கிரகத்தில் உருண்ட ஸோஜர்னர் வண்டிக்குள் மூளையாக இருந்தது இதன் தம்பி 80-ஸி-85 தான்.

ஸிமுலேட்டரைப் பற்றிய மிகப் பெரிய கதை 1975-ல் நடந்தது. ஆல்டேர் என்ற சின்னக் கம்ப்யூட்டர் வருகிறது என்று பத்திரிகையில் பார்த்தார்கள் இரண்டு இளைஞர்கள். "அதுக்கு பேஸிக் மொழி எங்ககிட்ட இருக்கு" என்று கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். பேஸிக்கும் கிடையாது, ஆல்டேரும் கிடையாது, அதற்குள் இருக்கிற 8080 சிப்பைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது! இரண்டு பேரில் ஒருவரான பால் ஆலன், சிப்பின் கையேட்டை வைத்துக்கொண்டு, ஹார்வர்ட் யுனிவர்ஸிடியின் பி.டி.பி.-10 கம்ப்யூட்டரில் 8080 மாதிரி நடிக்கிற ஸிமுலேட்டர் ஒன்றை எழுதினார். அதன் மேல் உட்கார்ந்து இன்னொருவர் பேஸிக்கை எழுதினார். ஆலன் ப்ளேன் பிடித்து ஆல்புகர்க்கி போய் நிஜ ஆல்டேரில் போட்டார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டதற்கு 4 என்றது. அந்த இன்னொருவர் பில் கேட்ஸ். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

க்ளாஸுக்கு வருவோம். 8085-ஐ முடித்துவிட்டு லெக்சரர் 'ரைப்ஸ்' என்று ஒன்றைத் திறந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் பீட்டர்ஸன் எழுதியது. இதற்கு முன்னால் உலகம் பூராவும் காலேஜ்களில் புழங்கியவை ஸ்பிம், மார்ஸ் என்கிற இரண்டு. ஸ்பிம், 1990 வாக்கில் விஸ்கான்ஸின் யுனிவர்ஸிடியில் ஜேம்ஸ் லாரஸ் எழுதியது. மிப்ஸ் என்ற ப்ராஸஸரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஸ்பிம். (பேராசிரியர்களுக்கும் நகைச்சுவை உண்டு.) மார்ஸ், அமெரிக்காவின் மிஸௌரி ஸ்டேட் யுனிவர்ஸிடியிலிருந்து வந்தது. ரைப்ஸ் நடிப்பது ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராஸஸராக. இது 2010-ல் பெர்க்லியில் ஆரம்பித்த டிஸைன். யார் வேண்டுமானாலும் ராயல்டி கட்டாமல் சிப் செய்துகொள்ளலாம்.

இதில்தான் மருமகனைக் கவிழ்த்த 'பைப்லைன்' பாடம் வந்தது. லெக்சரர் உப்பளத்து உதாரணம் சொன்னார். பையன்களில் பாதிப்பேர் அந்த வாசனையில் வளர்ந்தவர்கள்.

உப்பு மூட்டை கட்ட ஐந்து பேர். ஒருவர் சாக்கைப் பிடிப்பார், ஒருவர் அள்ளிப் போடுவார், ஒருவர் எடை பார்ப்பார், ஒருவர் வாயைத் தைப்பார், ஒருவர் லாரியில் ஏற்றுவார். ஒவ்வொரு வேலையும் ஒரு நிமிஷம். ஒரு மூட்டை லாரியில் ஏறிய பிறகுதான் அடுத்த சாக்கை எடுப்பேன் என்றால் 100 மூட்டைக்கு 500 நிமிஷம். நாலு பேர் எப்போதும் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் சாக்கு கை மாறியதுமே இரண்டாவது சாக்கை எடுத்தால்? முதல் மூட்டை ஐந்தாவது நிமிஷம் ஏறும், அப்புறம் நிமிஷத்துக்கு ஒன்று. மொத்தம் 104 நிமிஷம். ப்ராஸஸரும் இதையேதான் செய்கிறது. கட்டளையை எடு, புரிந்துகொள், செய், மெமரியைத் தொடு, விடையை எழுது. ஐந்து கட்டம், ஐந்திலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டளைகள்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சிக்கல் அடுத்ததில். "ரெண்டாவது மூட்டையோட எடை, முதல் மூட்டைச் சீட்டுல எழுதியிருக்கிற எடையைப் பொறுத்ததுன்னு முதலாளி சொல்லிட்டா?" என்று கேட்டார். முதல் மூட்டை இன்னும் தையல்காரர் கையில். சீட்டு வரவில்லை. எடைக்காரர் சும்மா நிற்கலாம். அது 'ஸ்டால்'. அல்லது தையல்காரர் அங்கிருந்தே "அண்ணாச்சி, அம்பது கிலோ!" என்று சத்தம் கொடுக்கலாம். அது 'ஃபார்வர்டிங்'. இரண்டும் செய்யாமல் எடைக்காரர் நேற்றைய சீட்டைப் பார்த்துப் போட்டால் கணக்கு நாசம்.

ரைப்ஸில் இந்த மூன்றையும் கண்ணால் பார்க்கலாம். திரையில் ப்ராஸஸரின் முழுப் படம். மருமகன் மனப்பாடமாக வரைவானே, அதே பெட்டிகள், அதே அம்புகள். ஆனால் இவை அசைகின்றன! ஒவ்வொரு க்ளாக்குக்கும் கட்டளைகள் ஒரு பெட்டி முன்னேறுகின்றன. இடையில் காத்திருக்க வேண்டி வந்தால் ஒரு காலி இடம் குமிழி மாதிரி நகர்ந்து போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்தப் பாதுகாப்புகள் ஒன்றுமில்லாத ப்ராஸஸரையும் அதிலேயே தேர்ந்தெடுக்க முடிகிறது என்பது. அதே ப்ரோக்ராம், இப்போது தப்பான விடை. நேற்றைய சீட்டு! நிஜ சிப்பை இப்படி வேண்டுமென்றே முட்டாளாக்கிப் பார்க்க எந்தக் கம்பெனி அனுமதிக்கும்?

ஆபீஸில் ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கொசுறு. மெமரி என்பது தூரத்து குடோன். ப்ராஸஸர் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி. அதுதான் கேஷ். ஒரு தீப்பெட்டி கேட்டால் குடோன்காரர் நாலு பெட்டி பண்டலாகத்தான் அனுப்புவார். பக்கத்துப் பெட்டியை அடுத்துக் கேட்டால் அலமாரியிலேயே இருக்கும். இப்போது 16 வரிசை, 16 பத்தி உள்ள ஒரு நம்பர் அட்டவணை. எட்டே பண்டல் கொள்ளும் அலமாரி. வரிசை வரிசையாகப் படித்தால் 256 நம்பருக்கு 64 தடவைதான் குடோனுக்கு ஓட்டம். பத்தி பத்தியாகப் படித்தால் 256 தடவையும் ஓட்டம்! கூட்டுத்தொகை ஒன்றே. ப்ரோக்ராமில் மாறியது இரண்டு வரிகளின் இடம் மட்டும். "ஸர்வர் ஸ்லோ ஸார்" என்று மானேஜரிடம் சொல்வதற்கு முன்னால் இதையும் ஒரு முறை யோசிக்கலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஸிமுலேட்டர் புதுசு இல்லை. கப்பலுக்குப் போகிற பையன்கள் தெருவுக்கு நாலு பேர். எஸ்.டி.சி.டபிள்யூ. என்று மாலுமிகளுக்கான ஒரு சர்வதேச ஒப்பந்தம் உண்டு. 1995-ல் அதைத் திருத்தியபோது ராடார் பயிற்சியை ஸிமுலேட்டரில் எடுத்துக்கொள்வதைக் கட்டாயமாக்கினார்கள். நிஜக் கடலில் இரண்டு கப்பலை மோதவிட்டுப் பாடம் கற்க முடியாது அல்லவா! கப்பல்காரனுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கட்டாயம். கம்ப்யூட்டர் பையனுக்கு மட்டும் அது சனிக்கிழமை மத்தியானத்து ஸ்பெஷல் க்ளாஸ்.

"சரி, ஸிமுலேட்டர் விளையாட்டுச் சாமான்தானே, நிஜ இன்ஜினீயர் இதையெல்லாம் பயன்படுத்துவாரா?" என்று கேட்டேன்.

"நிஜ இன்ஜினீயர்தான் ஸார் இதைவிட அதிகமாப் பயன்படுத்துவார்" என்றார் லெக்சரர்.

மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் காமகோடியும் குழுவினரும் 2014-ல் ஆரம்பித்த 'சக்தி' ப்ராஸஸரை உதாரணம் காட்டினார். அதுவும் ரிஸ்க்-ஃபைவ் ஜாதிதான். 2018-ல் ஒரு சிப் அமெரிக்காவில் இன்டெல் ஃபாக்டரியிலும், இன்னொன்று சண்டீகரை அடுத்த மொஹாலியில் உள்ள அரசாங்க ஃபாக்டரியிலும் அச்சாகி வந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் எந்தச் சிப்பும் மாதக் கணக்கில் ஸிமுலேஷனாகத்தான் வாழும். சிலிக்கானில் இறங்கிய பிறகு ரப்பர் வைத்து அழிக்க முடியாது. 1994-ல் இன்டெல்லின் பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். ஓர் அட்டவணையில் சில இடங்கள் காலியாக விட்டுப்போயிருந்தன. சிப்பை மாற்றிக் கொடுத்த வகையில் கம்பெனிக்கு 47½ கோடி டாலர் போச்சு.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஸிமுலேட்டர் சுடாது. வயர் லூஸாகாது. கிட்டில் கை வைத்தவனுக்கு பவர் ஸப்ளை காலை வாரும், ஐ.ஸி.யின் கால் வளையும். வேலைக்குப் போனால் இவைதான் வந்து நிற்கும். அதனால் கிட்டைத் தூக்கிக் கடலில் போடச் சொல்லவில்லை. முதலில் ஸிமுலேட்டரில் பார்த்துவிட்டுக் கிட்டுக்குப் போனால், சிவப்பு நம்பருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மனசுக்குள் ஒரு படம் ஓடும்.

எனக்கு உறுத்துவது வேறு. அண்ணா யுனிவர்ஸிடி பாடத்திட்டத்தில் பல வருஷமாக இந்தப் பேப்பருக்கு வைத்திருப்பது பேட்டர்ஸனும் ஹென்னஸியும் எழுதிய புத்தகம். 2017-க்கான ட்யூரிங் விருது வாங்கிய இரட்டையர். கலிஃபோர்னியாவில் பையன் படிப்பதும் அதே புத்தகம், கோவில்பட்டிப் பையன் படிப்பதும் அதே. ஸிமுலேட்டரும் அதே, இருவருக்கும் இனாம். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் 'விர்ச்சுவல் லேப்'பில் கூட்டல் சர்க்யூட்டிலிருந்து கேஷ் வரைக்கும் ப்ரௌஸரிலேயே செய்து பார்க்கலாம், அதுவும் இனாம். இங்கிலீஷ் புத்தகத்தில் நாலு பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிற தமிழ் மீடியம் பையனுக்கு, அசைகிற படம் எந்த பாஷையில் இருந்தால் என்ன? இத்தனையும் கையில் இருக்க, க்ளாஸில் அம்புக்குறியை மட்டும் வரையச் சொல்வானேன்?

லெக்சரரிடம் இதைக் கேட்டேன். டீ குடித்துக்கொண்டே சொன்னார். "எல்லா ஸ்டாஃபுக்கும் ஆசைதான் ஸார். ஆனா ஒரு யூனிட்டை இப்படி நடத்தினா ரெண்டு வாரம் ஆகுது. போர்டுல எழுதிப் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். ரிஸல்ட் பெர்ஸன்டேஜ் குறைஞ்சா என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. இங்க படம் அசையுது. கொஸ்டின் பேப்பர்ல அசையாதுல்லா?"

அதனால் அவர் ஒரு சமரசம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி அரை மணி நேரம் கம்ப்யூட்டர்களை அணைக்கச் சொல்லிவிட்டு வெள்ளைத் தாள் கொடுக்கிறார். பார்த்ததை வரைய வேண்டும். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் அது எத்தனையாவது க்ளாக்கில் உயிர் பெற்றது என்று எழுத வேண்டும். முதல் வாரம் ஒருத்தனும் எழுதவில்லையாம். நான் போனது நாலாவது வாரம். மருமகன் தாளை எட்டிப் பார்த்தேன். பதினொரு அம்பில் ஏழுக்கு நம்பர் போட்டிருந்தான். மீதி நாலுக்குப் பென்ஸிலைக் கடித்துக்கொண்டிருந்தான். நவம்பரில் பரீட்சை.